மேட் பஸ்பி விருது: ஒரு திறனாய்வு

ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவுக்குப் பெயர்ப்பட்டியல் ஆயத்தம் செய்யும் பணி ஆசிரியப் பெருமக்களுக்குப் புதிதன்று. கணிதத்தில் முதல் மதிப்பெண் பெற்றவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. எண்ணே சான்றாக நிற்கிறது. 'சிறந்த மாணவர்' என்னும் ஒரு பரிசு மட்டும் ஆசிரியர் அறையில் ஒரு பிற்பகலையே விழுங்கிவிடும். எதனால் சிறந்தவர்? எவர் கண்ணுக்குச் சிறந்தவர்? கேள்விகள் எழுந்தவண்ணம் இருக்கும். இறுதியில், களைப்பினாலோ நேர நெருக்கடியினாலோ ஒரு பெயர் எழுதப்படும். எழுதப்பட்டபின் அப்பெயர் பலகையில் பொன்னெழுத்தாகிவிடும். நடந்த விவாதம் மறைந்துபோகும். பெயர் மட்டும் நிற்கும்.

அத்தகைய பெயர்ப்பலகை ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அது இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் காற்பந்துக் கழகம் ஆண்டுதோறும் வழங்கிவரும் சர் மேட் பஸ்பி ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றோரின் பட்டியல். எழுத்தாளர் சங்கக் கட்டுரைத் தொகுப்பில் காற்பந்துக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். ஒரு கலையை மக்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர், மதிப்பிடும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்கள் கவிதைக்கு எவ்வளவு உரியனவோ பந்தாட்டத்திற்கும் அவ்வளவு உரியன. மேலும், வார இறுதி நள்ளிரவுகளில் மலேசிய, சிங்கப்பூர்க் கோப்பிக் கடைத் தொலைக்காட்சிகளின் முன் திரளும் கூட்டத்தில் நம் மாணவர்கள் குறைவாக இல்லை. அவர்களுள் சில ஆசிரியர்களும் அமர்ந்திருப்பதை நான் அறிவேன். நானும் ஒருவன் என்பதை மறைப்பானேன்?

விருதின் வரலாறு சுருக்கமானது. 1987-88ஆம் ஆண்டுப் பருவத்தில் இது தொடங்கிற்று. தேர்ந்தெடுப்போர் கழகத்தின் இரசிகர்கள். பருவம் முடியும் தறுவாயில் அவர்கள் அளிக்கும் வாக்குகளைக் கொண்டு ஒருவர் பெயர் அறிவிக்கப்படும். 1988 முதல் 2025 வரை 38 முறை விருது வழங்கப்பட்டுள்ளது. பெற்றவர்களோ 24 பேர்தாம். கிறிஸ்டியானோ ரொனால்டோ, டேவிட் டி ஹேயா, புருனோ ஃபெர்னாண்டஸ் ஆகிய மூவரும் தலைக்கு நான்கு முறை பெற்றுள்ளனர்.

விருது தாங்கியிருக்கும் பெயருக்கு உரியவர் 1945 முதல் 1969 வரை கழகத்தை நடத்திச் சென்ற நிர்வாகி. 1958 பிப்ரவரி 6ஆம் நாள் மியூனிக் விமான விபத்தில் அவர் வளர்த்த இளைஞர்களுள் எண்மர் மாண்டனர். அவரும் சாவின் வாயிலைத் தொட்டு மீண்டார். பத்தாண்டுகள் கழித்து, 1968இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற முதல் ஆங்கிலக் கழகமாக யுனைடெட்டை ஆக்கினார். பதின்வயதுப் பிள்ளைகளின் காலசைவைக் கண்டே அவர்தம் எதிர்காலத்தைக் கணிக்கும் கண் அவருக்கு இருந்தது. பிறர் காணாததைக் காணும் கண் அது. அந்தக் கண்ணின் பெயரால் வழங்கப்படும் விருதை, எல்லாரும் காண்பதையே காணும் கண்கள் முடிவு செய்கின்றன. இம்முரண்பாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று.

இனிப் பட்டியலை ஒரு நூலாகக் கருதிப் படிப்போம். முதற்பெயர் பிரையன் மெக்கிளேர். கழகத்திற்கு வந்த முதற்பருவத்திலேயே லீக்கில் 24 கோல் போட்டார். ஜார்ஜ் பெஸ்ட்டுக்குப் பின் ஒரு பருவத்தில் 20 லீக் கோல்களைத் தொட்ட யுனைடெட் ஆட்டக்காரர் அதுவரை எவருமிலர். ஆகவே அந்தத் தேர்வில் குறை காண இடமில்லை. ஆயினும் முதல் பக்கத்திலேயே நூலின் போக்குப் புலப்பட்டுவிடுகிறது. அடுத்தடுத்து வரும் ஹியூஸ், கன்டோனா, கான்செல்ஸ்கிஸ், ஷெரிங்காம், வான் நிஸ்டல்ராய், ரூனி, ஹெர்னாண்டஸ், வான் பெர்சி, ராஷ்ஃபோர்ட் என்னும் பெயர்கள் எல்லாம் பந்தை வலைக்குள் செலுத்தியவர்களின் பெயர்கள். 38 முறைகளுள் தற்காப்பு ஆட்டக்காரருக்கு விருது சென்றவை நான்கே: 1990இல் பாலிஸ்டர், 2005இல் ஹெயின்ஸ, 2009இல் விடிச், 2019இல் லூக் ஷா. கோல் போடுவோர் புகழ்பெறுவது உலக இயல்புதானே என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் இரசிகர் வாக்கு கோல்களை மட்டுமே எண்ணுகிறது என்று முடிவு கட்டினால் நாம் பட்டியலைத் தவறாகப் படித்தவர்களாவோம்.

ரொனால்டோ முதன்முறை விருது பெற்ற 2003-04ஆம் பருவத்தை எடுத்துக்கொள்வோம். லிஸ்பன் நகரிலிருந்து 18 வயதில் வந்த பிள்ளை. அப்பருவத்தில் லீக்கில் அவர் போட்டவை நான்கு கோல்கள்தாம். பந்தின்மேல் காலைச் சுழற்றிச் சுழற்றி எதிரியை மயக்க முயன்று, சில வேளைகளில் தாமே மயங்கி நின்றார். அப்படியிருந்தும் இரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் பரிசளித்தது செய்த வினைக்கன்று, செய்யப்போகும் வினைக்கு. நான்கு ஆண்டுகள் கழித்து, 2007-08இல், எல்லாப் போட்டிகளிலுமாக அவர் 42 கோல் போட்டபோது அந்த வாக்கு வட்டியும் முதலுமாகத் திரும்பிற்று. பஸ்பியின் கண் இரசிகருக்கு வாய்த்த அரிய தருணம் அது என்பேன்.

புருனோ ஃபெர்னாண்டஸின் முதல் விருதும் இவ்வகையில் சுவையானது. 2020 சனவரி இறுதியில்தான் அவர் கழகத்திற்கு வந்து சேர்ந்தார். அப்பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 14 மட்டுமே. நம் பள்ளிகளில் அரையாண்டுக்குப் பின் வந்து சேர்ந்த மாணவருக்கு ஆண்டின் சிறந்த மாணவர் பரிசை அளிப்போமா? அளிக்கமாட்டோம்; விதிகள் குறுக்கே நிற்கும். இரசிகருக்கு விதிகள் இல்லை. சோர்ந்து கிடந்த அணியின் நடை அவர் வருகையால் மாறியதை அவர்கள் கண்டனர், கண்டதற்கு வாக்களித்தனர். அந்த ஆண்டில் ஆகஸ்டு முதல் உழைத்தவர்களின் நெஞ்சு என்ன நினைத்திருக்கும் என்பதும் ஒரு கேள்விதான்.

ஆகவே இந்த வாக்கு அளப்பது திறமையை மட்டுமன்று, கடன்பாட்டையும் அளக்கிறது. இவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்று இரசிகர் கூட்டம் எவரைக் குறித்து உணர்கிறதோ அவரே விருதாளர். இதனை உரைகல்லாகக் கொண்டு உரசினால் பட்டியலின் பல புதிர்கள் அவிழ்கின்றன.

1996 மார்ச் 4ஆம் நாள் நியூகாசில் நகரில் நடந்த ஆட்டத்தைக் கண்டோர் மறந்திருக்கமாட்டார். லீக்கின் உச்சியில் நியூகாசில் நின்றது. சனவரியில் ஒரு கட்டத்தில் அது யுனைடெட்டைவிட 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. தன் சொந்தத் திடலில், முற்பாதி முழுவதும் அவ்வணி யுனைடெட்டின் கோல் எல்லையை விட்டு அகலவில்லை எனலாம். வந்த பந்துகளை எல்லாம் பீட்டர் ஷ்மைக்கல் என்னும் டென்மார்க் நாட்டுக் கோல்காவலர் தம் நெடிய உடலைக் கதவாக்கி அடைத்து நின்றார். கையால் தடுத்தார், காலால் தடுத்தார், மார்பாலும் தடுத்தார். பிற்பாதி தொடங்கிய சிறிது நேரத்தில், இடப்புறமிருந்து வந்த பந்தை எரிக் கன்டோனா தரையில் விழவிடாமல் உதைத்து வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் 1-0 என முடிந்தது. அந்த ஆண்டின் லீக் கிண்ணமும் நான்கு புள்ளி வேறுபாட்டில் யுனைடெட்டுக்கு வந்தது. விருது கன்டோனாவுக்குச் சென்றது.

இரசிகர்மேல் குற்றம் சுமத்துவது என் கருத்தன்று. பார்வையாளர் ஒருவரைத் தாக்கியதற்காக எட்டு மாதத் தடை அனுபவித்து, 1995 அக்டோபரில் மீண்ட கன்டோனா, அந்த ஆண்டின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்திலும் லிவர்பூலுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு வென்று தந்தார். வீழ்ந்தவன் எழுந்த கதைக்கு மக்கள் மனம் என்றும் இளகும்; நம் நாடக மேடை அறிந்த உண்மை இது. ஆனால் நியூகாசிலில் அந்த முற்பாதியை ஷ்மைக்கல் காத்திராவிடில் பிற்பாதியில் கன்டோனா போட்ட கோலுக்குப் பொருள் ஏது? நடந்த ஒன்றைக் கண்ணால் காணலாம். நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட ஒன்றை எண்ணிப் பார்க்கத்தான் முடியும். எட்டுப் பருவங்கள் யுனைடெட்டின் கோலைக் காத்து, ஐந்து முறை லீக் வெற்றியில் பங்கு கொண்டு, 1999இல் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் அணித் தலைவராகக் கிண்ணத்தை ஏந்திய ஷ்மைக்கலின் பெயர் இப்பட்டியலில் ஓரிடத்திலும் இல்லை.

அப்படியாயின் டி ஹேயா என்னும் கோல்காவலர் மட்டும் நான்கு முறை பெற்றது எப்படி? விடை எளிது, சற்றுக் கசப்பானதும்கூட. 2013இல் அலெக்ஸ் ஃபெர்கூசன் ஓய்வு பெற்றபின் அணியின் மதில் சரிந்தது. அடுத்த பருவத்தில் கழகம் ஏழாம் இடத்திற்கு இறங்கிற்று. மதில் சரிந்த கோட்டையில் வாயிற்காவலன் ஒருவனே எல்லார் கண்ணிலும் படுகிறான். 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகளும், பின்னர் 2018இலும் டி ஹேயாவே விருது பெற்றார். 2017 டிசம்பரில் ஆர்சனல் திடலில் ஒரே ஆட்டத்தில் 14 பந்துகளை அவர் தடுத்தார். பாராட்டு முற்றும் தகும். எனினும் கோல்காவலர் ஒருவர் 14 பந்துகளைத் தடுக்க நேர்ந்தது என்றால் அவருக்கு முன்னே நின்ற பத்துப் பேரைப் பற்றி என்ன சொல்வது? பட்டியலில் டி ஹேயாவின் பெயர் வரும் இடமெல்லாம் அணியின் தளர்ச்சிக்கு எழுதப்பட்ட குறிப்பாகவும் எனக்குத் தோன்றுகிறது. 2024-25இல் கழகம் 42 புள்ளிகளுடன் பதினைந்தாம் இடத்திற்கு வீழ்ந்தபோது ஃபெர்னாண்டஸ் நான்காம் முறை பெற்ற விருதையும் இவ்வாறே படிக்க வேண்டும்.

வலுவான அணியின் கோல்காவலர் எவ்வாறு மறைந்துபோகிறார் என்பதற்கு 2008-09 நல்ல சான்று. எட்வின் வான் டெர் சார் லீக்கில் தொடர்ந்து 1,311 நிமிடங்கள் ஒரு கோலும் விடாமல் காத்தார். விருதோ அவருக்கு முன் நின்ற விடிச்சுக்குச் சென்றது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை இரசிகர்கள் மதித்த அரிய ஆண்டு என்ற வகையில் மகிழ்ச்சியே. விடிச் தலை கொடுத்துப் பந்தைத் தடுத்தார். இரத்தம் வழிய நின்றார். இரத்தம் கண்ணுக்குத் தெரியும்.

நன்றிக்கடன் என்னும் உரைகல் மிக உயர்ந்த பொன்னையும் காட்டியதுண்டு. 1998-99ஆம் பருவத்தில் யுனைடெட் மூன்று கிண்ணங்களையும் வென்றது. கோல்களை எண்ணியிருந்தால் எல்லாப் போட்டிகளிலுமாக 29 கோல் போட்ட டுவைட் யார்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். புகழை எண்ணியிருந்தால் பெக்காமை. இரசிகர்கள் ராய் கீனைத் தேர்ந்தெடுத்தனர். அந்த ஏப்ரலில் தூரின் நகரில், யுவெண்டஸ் அணிக்கு எதிரான அரையிறுதியில், ஆட்டம் தொடங்கிய 11 நிமிடங்களுக்குள் யுனைடெட் இரண்டு கோல் வாங்கிவிட்டது. கீன் தலையால் முட்டி முதற்கோலைப் போட்டார். சிறிது நேரத்தில் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. அணி வென்றாலும் இறுதியாட்டத்தில் தமக்கு இடமில்லை என்பது அந்தக் கணமே அவருக்குத் தெரியும். தெரிந்தபின் அவர் ஆடிய ஆட்டமே ஆட்டம். யுனைடெட் 3-2 என வென்றது. பார்சலோனாவில் இறுதியாட்டம் நடந்தபோது கீன் களத்தில் இல்லை.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய விருதுகள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1948 முதல் காற்பந்து எழுத்தாளர்கள் ஒரு விருதும், 1974 முதல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தார் ஒரு விருதும் வழங்கி வருகின்றனர். 1999இல் இவ்விரண்டையும் பெற்றவர் டோட்டன்ஹாம் அணியின் டேவிட் ஜினோலா. அழகிய ஆட்டக்காரர்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் மூன்று கிண்ணங்களை வென்ற அணியிலிருந்து ஒருவரைக்கூட அறிஞர் அவையும் தொழிலோர் அவையும் தேர்ந்தெடுக்காத ஆண்டில், கீனைக் கண்டுகொண்டது பாமரர் வாக்குதான். அவ்விரு தேசிய விருதுகளும் கீனுக்கு அடுத்த ஆண்டுதான் வந்தன.

இந்த இடத்தில் திறனாய்வின் பழைய வழக்கு ஒன்று தலைதூக்குகிறது. படைப்பை மதிப்பிடத் தக்கவர் யார்? தொழில் அறிந்த சக கலைஞரா, சுவைக்கும் மக்களா? நம் சிறுகதைப் போட்டிகளில் நடுவர் தேர்ந்த கதையும் வாசகர் விரும்பிய கதையும் ஒன்றாக அமைவது எத்தனை முறை? மான்செஸ்டர் கழகம் இவ்வழக்கை விசாரிக்க நமக்கு ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. இரசிகர் விருதுடன், ஆட்டக்காரர்கள் தமக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் விருது ஒன்றையும் அது பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது. பல ஆண்டுகளில் இரு தேர்வும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத ஆண்டுகளில்தான் நமக்குப் பாடம் கிடைக்கிறது.

2012-13ஆம் பருவம் அத்தகையது. ஆர்சனலிலிருந்து வந்த ராபின் வான் பெர்சி லீக்கில் 26 கோல் போட்டார். ஏப்ரல் 22ஆம் நாள் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக முற்பாதியிலேயே மூன்று கோல் போட்டு, கழகத்தின் இருபதாவது லீக் வெற்றியை உறுதி செய்தார். அவற்றுள் இரண்டாவது, தோளுக்கு மேலாகப் பறந்து வந்த பந்தை நிலத்தில் படுமுன் உதைத்த உதை. அதன் அழகைச் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும். இரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஆனால் அவருடன் உடைமாற்றும் அறையில் அமர்ந்தவர்கள் மைக்கல் கேரிக்கைத் தேர்ந்தெடுத்தனர்.

கேரிக் நடுத்திடலில் ஆடுபவர். ஓடுவதாகவே தோன்றமாட்டார். எதிரி பந்தை எங்கே அனுப்ப எண்ணுகிறானோ அங்கே அவர் முன்னரே நின்றிருப்பார். பந்து வந்ததும் பத்துக் கசம் தள்ளி நிற்பவனுக்கு, அவன் காலுக்கு இணக்கமான பக்கமாகப் பார்த்து அனுப்புவார். பார்ப்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பந்தைப் பெறுபவனுக்குத்தான் அதன் அருமை புரியும். தவறான காலுக்கு வந்த பந்தை நிறுத்தித் திருப்புவதற்குள் எதிரி வந்து விழுந்துவிடுவான் என்பதை அவன் உடம்பு அறியும். யாப்பறிந்தவர் ஒரு வெண்பாவில் தளை தட்டாத ஓட்டத்தைக் கேட்டவுடன் உணர்வது போன்றது இது. மற்றவர்க்குப் பாட்டின் ஈற்றடி மட்டுமே நினைவில் நிற்கும். வான் பெர்சி ஈற்றடி. 2010-11இலும் இதுவே நிகழ்ந்தது. கோல் எல்லைக்குள் பாய்ந்து பாய்ந்து கோல் போட்ட ஹெர்னாண்டஸை இரசிகர் தேர்ந்தனர். பந்தை ஊட்டித் தந்த நானியைச் சக ஆட்டக்காரர் தேர்ந்தனர்.

ஆகவே தொழிலோரின் தீர்ப்பே தீர்ப்பு என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாமா? எழமுடியவில்லை. 2009இல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தார் நாட்டின் சிறந்த ஆட்டக்காரராக யுனைடெட்டின் ரயன் கிக்ஸைத் தேர்ந்தனர். அப்பருவத்தில் தொடக்கம் முதல் அவர் களமிறங்கிய லீக் ஆட்டங்கள் மிகச் சிலவே. அவர் அதுவரை அவ்விருதைப் பெற்றதில்லை; வயதோ 35. வாழ்நாள் உழைப்புக்கான பரிசை ஓராண்டின் பெயரால் கொடுத்துவிட்டார்கள். உணர்ச்சிவயப்பட்டவர் என்று நாம் சொல்லும் இரசிகர் அதே ஆண்டில் விடிச்சைத் தேர்ந்தனர். எந்த அவை கனிந்தது, எந்த அவை கணக்குப் பார்த்தது என்பதை வாசகரே கூறட்டும்.

விருது பெற்றோரின் பின்கதையும் ஓரளவு கவனிக்கத்தக்கது. 1995இல் விருது பெற்ற கான்செல்ஸ்கிஸ் அதே ஆண்டில் எவர்ட்டனுக்குப் போய்விட்டார். வந்த முதற்பருவத்திலேயே இரசிகர் மனத்தைக் கவர்ந்து 2005இல் விருது பெற்ற ஹெயின்ஸ, இரண்டே ஆண்டுகளில், பரம எதிரியான லிவர்பூலுக்குச் செல்ல வழக்காடினார். முடியாமல் ரியால் மட்ரிட்டுக்குச் சென்றார். 2022இல் நான்காம் முறை விருது பெற்ற ரொனால்டோ அந்த நவம்பரிலேயே கழகத்துடன் மனக்கசப்புற்றுப் பிரிந்தார். இரசிகர் நன்றிக்கடன் தீர்த்தார்கள். அதற்கு ஈடாக ஆட்டக்காரரிடமிருந்து எதுவும் எழுதி வாங்கவில்லை.

என் மனத்தை நெடுநாளாக உறுத்துவது இவற்றைவிட வேறொன்று. பால் ஸ்கோல்ஸ் 1994 முதல் 2013 வரை, இடையில் சில மாத ஓய்வு நீங்கலாக, யுனைடெட்டுக்காக 718 ஆட்டங்கள் ஆடினார். 155 கோல் போட்டார். 11 முறை லீக் வெற்றியில் பங்கு கொண்டார். உலகின் தலைசிறந்த நடுத்திடல் ஆட்டக்காரர்கள் அவரை மதித்தனர். இரசிகர்களும் அவரை நேசிக்கவில்லை என்று எவரும் சொல்லமுடியாது. அவர் பெயரைப் பாடாத ஆட்டம் இல்லை. ஆயினும் ஒருமுறைகூட இவ்விருது அவருக்கு வரவில்லை. காரணம் தேடினால் ஒன்றே புலப்படுகிறது. இருபது ஆண்டுகளில் எந்த ஆண்டும் அவர் மற்ற ஆண்டைவிடத் திடீரென்று ஓங்கி நிற்கவில்லை. எப்போதும் நன்றாக ஆடுபவரை 'இந்த ஆண்டு' என்று சுட்டிக்காட்ட ஓர் ஆண்டு கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அளக்கும் கோல், இருபதாண்டு நீளத்தை அளக்க வாய்ப்பில்லாதது. வகுப்பில் ஆறாண்டும் இரண்டாம் இடத்தில் ஒரே சீராக நின்ற மாணவி எந்த ஆண்டும் மேடையேறாமலே பள்ளியை விட்டுப் போவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இதற்காக விருதை நிறுத்தவோ வாக்கை நிபுணரிடம் ஒப்படைக்கவோ வேண்டும் என்று நான் கருதவில்லை. மக்கள் கொடுக்கும் பரிசுக்கு ஒரு சூடு உண்டு. குழு அறையில் பிறக்கும் பரிசுக்கு அது வாய்ப்பதில்லை. 2015இல் ஐந்தோவன் நகரில் கால் எலும்பு இரண்டாக முறிந்து, மீண்டும் நடப்பதே அரிது என்ற நிலையிலிருந்து தேறிய லூக் ஷாவுக்கு 2019இல் இரசிகர் அளித்த வாக்கை எந்தப் புள்ளிவிவரம் கற்பித்திருக்கும்? பட்டியலைத் திறமையின் ஏடாகப் படிக்கும்போதுதான் பிழை நேர்கிறது. கடன்பாட்டின் ஏடாகப் படித்தால் அது பெரும்பாலும் உண்மையே பேசுகிறது.

மாணவர்க்குத் திறனாய்வு கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பட்டியலை ஒருநாள் வகுப்பில் கொடுத்துப் பார்க்கலாம். இதிலுள்ள பெயர்களைப் பற்றி எழுதச் சொன்னால் இணையத்தைப் புரட்டி எழுதிவிடுவார்கள். இதில் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டும். நான் அந்த வகுப்பில் மாணவனாக இருந்தால் டெனிஸ் இர்வினைப் பற்றி எழுதுவேன். அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். 1990இல் ஓல்டம் கழகத்திலிருந்து வந்தார். வலக்கால் பழக்கமுடைய அவர் பெரும்பாலும் இடப்பக்கத் தற்காப்பில் ஆடினார். 12 பருவங்களில் 529 ஆட்டங்கள். ஏழு லீக் வெற்றிகள். செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் அவர் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை. 2002 மே மாதம் சார்ல்ட்டன் அணிக்கு எதிராகத் தம் கடைசி ஆட்டத்தை ஆடியபோது, அணித் தலைவராக அவரைத் திடலுக்கு அனுப்பினார்கள். அன்று இரு பக்கமும் ஒரு கோலும் விழவில்லை. அப்பருவத்தின் விருது, 36 கோல் போட்ட வான் நிஸ்டல்ராய்க்குச் சென்றது.